உங்களுக்குத் தெரியுமா? தாயின் மார்பே தொட்டில்

குறைமாதத்தில் பிறந்து, தன் உடலின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியற்ற சிசுவை, அரைத்துணியும் குல்லாயும் மட்டும் அணிவித்துத் தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் பொருத்தித் துணியால் கட்டிவைக்கும் ‘கங்காரு பராமரிப்பு’ முறை, 1970-களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் திணறிய மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரே என்னும் வைத்தியரால் தொடங்கப்பட்டது.

ஆனால் இம்முறை எல்லாத் தாய்மாருக்கும் எளிதில் கைவருவதன்று. தென்னாப்பிரிக்காவின் கோசா இனத் தாய்மார், தலைமுறை தலைமுறையாகக் குழந்தையை முதுகிலே போர்வையால் கட்டிச் சுமந்தவர்கள். பிரசவித்தபின் தொப்புள்கொடி உதிரும்வரை சேயோடு வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பதைச் சம்பிரதாயமாகக் கொண்டவர்கள். அத்தகையவர்கள், அந்நியர் நடமாடும் வார்டிலே, முதுகில் கட்ட இயலாத அளவு சிறிய மகவை மார்பில் ஏந்தி இரவும் பகலும் இருப்பதென்பது, வைத்தியர்கள் எண்ணுவதைவிடக் கடினமான காரியமே. (வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு யார் சோறிடுவார் என்ற கவலை எந்தத் தேசத்துத் தாய்க்கும் பொதுவானதுதானே!)

ஆயினும் அந்தச் சிரமம் வீணன்று. கேப்டவுனில் நில்ஸ் பெர்க்மன் குழுவினர் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 1,200 முதல் 2,199 கிராம் வரை எடையுடன் பிறந்த சிசுக்களுள், இன்குபேட்டரில் கிடந்தவற்றைக் காட்டிலும் தாயின் ஸ்பரிசத்தில் இருந்தவையே முதல் ஆறு மணி நேரத்தில் நன்கு நிலைப்பட்டன. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்த மட்டும் நீண்ட நேரம், இம்முறையைக் கைக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.