வீட்டுக் கணினியில் மறையும் இடம்

உடப்பு முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளக் கரையிலே, நீரில் வழக்கத்தினும் தாழ்ந்து மிதக்கும் தோணியொன்றைக் காண்போர்க்கு இரண்டு ஐயங்கள் எழுதல் கூடும். ஏற்றிய பாரம் மிகுதியோ? அன்றி, அடிப்பலகையின் பொருத்து விட்டு நீர் உட்புகுகின்றதோ? தோணி தாழ்தல் இரண்டிற்கும் பொது, செய்யத்தக்கதோ வெவ்வேறு. பாரம் மிகுதியாயின் சிலவற்றை இறக்கினாற் போதும். நீர் புகுமாயின், எத்துணை இறக்கினும் தோணி மீண்டும் தாழும். வீட்டுக் கணினியிலே சேமிப்பதற்கு இடமில்லை என்னும் அறிவித்தல் தோன்றும்பொழுது முதலில் எழுப்பவேண்டிய வினாவும் இதுவேயாம். இவ்வினாவை எழுப்பாது, கண்ணிற் பட்ட கோப்புகளை அழிக்கத் தொடங்குதலே பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறையாயிருக்கிறது.

அம்முறையால் நேரக்கூடிய இழப்புச் சிறிதன்று. உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்து ஆடிப் பூமிதிப்பைக் கைத்தொலைபேசியிற் பதிந்து வைத்தவர், அப்பதிவில் உலவும் முதியோரை மறுபடி நேரிற் காண இயலாதிருக்கலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கிய முஸ்லிம் குடும்பங்களுக்கு, விட்டு வந்த காணியின் உறுதி, பிறப்புச் சான்றிதழ் முதலியவற்றின் படிகள் எத்துணை இன்றியமையாதன என்பது சொல்லாமலே விளங்கும். அத்தகைய படியொன்று கணினியில் மட்டும் இருந்து, இடம் வேண்டி அழிக்கப்படுமாயின், அதனை மீட்டல் அரிது. சுழலும் வன்தட்டுகளிலே அழிக்கப்பட்ட கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீளக் கிடைத்தல் கூடும். இக்காலத்துத் திண்மநிலைச் சேமிப்பகங்களிலோ, கோப்பு நீக்கப்பட்டதும் ‘ட்ரிம்’ என்னும் கட்டளை சேமிப்பகத்துக்குச் செல்ல, அவ்விடம் அதனாலேயே துடைக்கப்பட்டுவிடும். ஆகலின், ஆராய்ந்த பின்னரே அழித்தல் வேண்டும்.

ஆராய்ச்சியின் தொடக்கத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. 256 கிகாபைற்று என்று எழுதி விற்கப்பட்ட சேமிப்பகம் விண்டோஸ் திரையில் ஏறத்தாழ 238 கிகாபைற்றாகவே தோன்றும். மீதி 18 கிகாபைற்று எங்கே போயிற்று என்று வணிகரோடு வழக்காடப் புறப்படுவோரும் உளர். உண்மையில் எதுவும் எங்கும் போகவில்லை. உற்பத்தியாளர் ஒரு கிகாபைற்றை நூறு கோடி பைற்று எனக் கொள்கின்றனர். விண்டோசோ 1,024 ஐ மும்முறை பெருக்கி வரும் 107 கோடிக்குச் சற்று மேற்பட்ட எண்ணைக் கிகாபைற்று என்கிறது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1998 ஆம் ஆண்டில் அனைத்துலக மின்தொழினுட்ப ஆணையம் இரண்டாவது அளவைக்குக் ‘கிபிபைற்று’ என்னும் தனிப் பெயரை வகுத்தது. பெயர் வழங்கப்பட்டது, வழக்கம் மாறவில்லை.

இனி, பாரத்தை நோக்குவாம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு இயந்திரம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டது. எடையோ ஒரு தொன்னுக்கு மேல். அதன் கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று ஒரு தமிழ்க் குறி, பெரும்பாலும் வழங்கும் யுனிகோட் முறையில் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையுடைய கம்பராமாயணத்தை, விருத்தமொன்றுக்கு இருநூறு குறி என வைத்துக் கணக்கிட்டால், நூல் முழுவதும் ஏறத்தாழ 6 மெகாபைற்றில் அடங்கும். கைத்தொலைபேசியிற் பதியும் தெளிவான காணொளியோ நிமிடமொன்றுக்கு 100 மெகாபைற்றை எளிதில் விஞ்சும். அஃதாவது, கம்பர் பாடியவை அனைத்தும் நான்கு விநாடிக் காணொளிக்கு ஈடாகா! கட்டுரைகளையும் கடிதங்களையும் அழித்து இடம் தேடுவோர் எத்துணை வீண்முயற்சி செய்கின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

பாரத்தைக் கண்டறியும் கருவியொன்றின் பிறப்பும் இவ்விடர்ப்பாட்டின் பயனேயாம். 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் 80 மெகாபைற்று வன்தட்டு ஒன்றைப் பதினால்வர் பகிர்ந்து பயன்படுத்தினர். தட்டு நிரம்பியது, நிரப்பியவர் யார், எக்கோப்புறையில் என்பது எளிதில் தெரியவில்லை. அங்குப் பேராசிரியராயிருந்த பென் ஷ்னைடர்மன், தட்டு முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, அதனுள் ஒவ்வொரு கோப்பையும் அதன் பருமனுக்கேற்ற சிறு செவ்வகமாக வரையும் முறையை வகுத்தார். 2003 இல் வெளிவந்த ‘வின்டிர்ஸ்டாற்’ என்னும் இலவச மென்பொருள் இம்முறையைத் தழுவியது. அதன் திரையைப் பார்த்த அளவில் பெருத்த கோப்பு பெருங் கட்டமாய்க் கண்ணிற் படும். ஆயினும் அதனை நிருவாகியின் உரிமையோடு இயக்குதல் வேண்டும். அல்லாதபோது, அதே கணினியில் வேறு கணக்கு வைத்திருக்கும் தம்பியின் படங்களும், அவர் மீள்சுழற்சித் தொட்டியில் இட்டு மறந்தவையும் கணக்கில் வாரா. ஒரு வீட்டில் மூவர் பயன்படுத்தும் கணினியில் இக்காரணம் ஒன்றே மருமத்தின் பாதியை விளக்கிவிடுவதுண்டு.

எல்லாக் கோப்புகளின் கூட்டுத்தொகை 150 கிகாபைற்றாயிருக்க, நிரம்பிய இடம் 190 என்று திரை காட்டுமாயின், மறைவாகக் குடியிருப்போரைத் தேடவேண்டும். அவருள் முதல்வர், கணினியைத் துயிலச் செய்யும்பொழுது நினைவகத்தை எழுதி வைக்கும் கோப்பு. விண்டோஸ் 10 இல் இதன் பருமன் வழக்கமாக நினைவகத்தின் 40 விழுக்காடு; 8 கிகாபைற்று நினைவகமுள்ள கணினியில் 3 கிகாபைற்றுக்குச் சற்று மேற்படும். ஒரு கட்டளையால் இதனை நீக்கிவிடலாம் என்பர். நீக்கலாம், ஆயின் மடிக்கணினி வைத்திருப்போர் ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தல் நன்று. மின்கலம் வற்றும் வேளையில் செய்துகொண்டிருந்த வேலையைக் காப்பது அக்கோப்பேயாம். 2022 இல் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டைக் கண்டவர்களுக்கும், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் மின்தடைப்பட்டு நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதை அறிந்தவர்களுக்கும் 3 கிகாபைற்று பெருவிலையன்று.

மற்றொருவர், மீட்டெடுப்புப் புள்ளிகள் எனப்படும் பழைய நிலைகளின் படிகள். இவை பயனருக்குத் திறவாத கோப்புறையொன்றிற் கிடக்கின்றன. இவற்றுக்கு ஒதுக்கும் விழுக்காட்டைக் கணினியின் பாதுகாப்பு அமைப்பிற் சென்று குறைக்கலாம்; அடியோடு நிறுத்துதல் அறிவுடைமையன்று. இன்னும், 2019 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் தன் இற்றைப்படுத்தல்களுக்கென 7 கிகாபைற்று அளவில் முன்னரே ஒதுக்கிக்கொள்கிறது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையால் பதினோராம் பதிப்புக்கு மாறியவர்களின் கணினியிலே, பழைய பதிப்பு முழுவதும் ஒரு கோப்புறையிற் பத்து நாள்கள் வரை வைக்கப்பட்டுப் பின்னர் தானே நீங்கும். மாறிய மறுநாளே இடம் போயிற்று என்று கலங்குவோர் அப்பத்து நாள்களைப் பொறுத்தல் தகும்.

எக்காலத்தும் கைவைக்கலாகாத இடமும் ஒன்றுண்டு. விண்டோஸ் தன் உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் ‘வின்-எஸ்-எக்ஸ்-எஸ்’ என்னும் கோப்புறை பார்வைக்கு மிகப் பெரிதாய்த் தோன்றும். அதன் கோப்புகளுட் பல, வேறிடத்திலும் அதே கோப்பாக இணைக்கப்பட்டிருப்பதால் இருமுறை எண்ணப்படுகின்றன. ஒருவர் இரண்டு பெயரால் இடாப்பிற் பதியப்பட்டாற் போல்வது இது. அதனை நேரே அழித்தோர் கணினி மறுபடி இயங்காமற் போயினும் வியப்பில்லை. விண்டோசுடன் வரும் துப்புரவுக் கருவியையே அதற்கு ஏவல் வேண்டும். அக்கருவியின் எண்ணையும் முற்றாக நம்பலாகாது. 2024 இன் இறுதியில் விண்டோஸ் 11 இன் புதிய பதிப்பில், எத்தனை முறை துப்புரவு செய்யினும் 8.63 கிகாபைற்று நீங்காது நிற்பதாகக் காட்டப்பட்டது. அது கணக்குக் காட்டுதலில் நேர்ந்த தவறே என மைக்ரோசொவ்ற் நிறுவனம் விளக்கியது.

இதுகாறும் கூறியவை பாரம். ஓட்டையோ இதனினும் சுவையுடையது. அதனைக் காணும் வழி மிக எளிது: காலையில் எஞ்சிய இடத்தின் அளவை ஒரு தாளிற் குறித்து, எதனையும் புதிதாகச் சேர்க்காது மாலையிலும் குறிக்கவேண்டும். நான்கைந்து நாள்கள் இவ்வாறு குறித்தபின் எண் இறங்கிக்கொண்டே செல்லுமாயின், ஏதோ ஒரு மென்பொருள் இடைவிடாது எழுதிக்கொண்டிருக்கிறது எனத் துணியலாம்.

விண்டோஸ் 7 வழங்கிய காலத்திற் பலரை அலைக்கழித்த ஓட்டை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அப்பதிப்பு தன் உறுப்புகள் பற்றிய நாட்குறிப்பொன்றை எழுதி வரும். குறிப்பு வளர்ந்ததும் அதனைச் சுருக்கிக் கட்டும்படி வேறொரு நிரலை ஏவும். சுருக்கும் நிரலுக்கோ 2 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பைக் கையாளும் ஆற்றல் இல்லை. குறிப்பு எவ்வாறோ அவ்வெல்லையைக் கடந்துவிடின், நிரல் தொடங்கும், தோற்கும், அரைகுறையாய்ச் செய்த கோப்பைத் தற்காலிகக் கோப்புறையில் விட்டுச் செல்லும். மீண்டும் ஏவப்படும், மீண்டும் தோற்கும். தற்காலிகக் கோப்புறையை மட்டும் துப்புரவு செய்தவர் சின்னாளிற் பழைய நிலையையே கண்டார். பெருத்த நாட்குறிப்பையும் நீக்கியவரே அமைதி பெற்றார்.

காவலே கள்வனாகிய வரலாறும் உண்டு. 2021 மே மாதத்தில், விண்டோசுடன் வரும் ‘டிபெண்டர்’ என்னும் நச்சுநிரற் காப்பு மென்பொருளின் இயந்திரப் பதிப்பொன்றில் நேர்ந்த பிழையால், அதன் ஆய்வு வரலாற்றுக் கோப்புறையில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் குவிந்து சேமிப்பகங்களை நிரப்பின. சில நாள்களில் 1.1.18100.6 என்னும் பதிப்பினால் அது திருத்தப்பட்டது. சிறு கோப்பு எங்ஙனம் பெரிய இடத்தைக் கொள்ளும் என வினவலாம். விண்டோஸ் சேமிப்பகத்தை வழக்கமாக 4,096 பைற்றுக் கூறுகளாகப் பிரித்து வழங்குகிறது. ஆயிரம் பைற்றுக் கோப்பும் ஒரு கூறு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஒரு சிரட்டை உப்புக்கு ஒரு சாக்கை ஒதுக்கியது போல. இத்தகைய கோப்புகள் பத்து இலட்சம் சேருமாயின், உள்ளடக்கம் ஒரு கிகாபைற்றே எனினும் பிடிபடும் இடம் நான்குக்கு மேலாகும்.

ஓட்டையை அடைத்த பின்னரே பாரத்தை இறக்கல் முறை. இறக்குமுன், அரிய படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டு ஒன்றிற் பிரதி செய்து, அத்தட்டை வேறொரு கணினியிற் பொருத்தி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பெயர் தெரிவதனால் மட்டும் பிரதி முழுமையாயிற்று என்று கொள்ளலாகாது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கும் அக்கரையில் ஒரு தட்டை மட்டும் நம்பியிராது, இரண்டாவது பிரதியொன்றைச் சிலாபத்திலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் வைத்தல் நலம். அதன்பின் காணொளிகளை நீக்கி, ஒவ்வொருவர் கணக்கிலுமுள்ள மீள்சுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்கி, எஞ்சிய இடத்தின் அளவை அதே தாளில் மறுபடி குறித்து, ஒரு வாரம் கழித்து ஒப்பு நோக்குக.