பழைய லாரி 'மிஸ்' அடிக்குதா? இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு ஸ்கெலட்டன் போன்ற குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு வெளியூரை நம்பியே இருக்கிறது. பலர் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறார்கள். சிலருக்குப் பழைய லாரியோ மினி லாரியோதான் சோறு போடுகிறது. கோலார் சந்தைத் தக்காளியை ஏற்றிக்கொண்டு சென்னை சாலையில் போகும் வண்டி ஒருநாள் நின்றால், அன்றைய வருமானமும் நிற்கும்.

நீங்கள் பெங்களூரு அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வருகிறது: "வண்டி மிஸ் அடிக்குது, இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க." பணம் அனுப்புவதற்கு முன் சில விஷயங்களைப் புரிந்துகொண்டால், பெரிய செலவைத் தவிர்க்க வாய்ப்பு இருக்கிறது.

'மிஸ்' என்றால் என்ன?

1986-ல் அறிமுகமான டாடா 407 போன்ற வண்டிகளில் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் இருக்கும். நான்கும் முறை வைத்து எரிந்தால் சத்தம் ஒரே சீராக வரும். ஒன்று எரியாமல் விட்டால் இன்ஜின் குலுங்கும், பிக்கப் குறையும், மேட்டில் வண்டி திணறும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றைப் பிஸ்டன் அழுத்தும்போது அது பயங்கரமாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே மிஸ் அடித்தால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டுதான். ஒன்று, டீசல் சரியாக, சரியான நேரத்தில் வரவில்லை. இல்லையென்றால், காற்று போதுமான அளவு அழுத்தப்படவில்லை. முதலாவது பெரும்பாலும் சின்ன வேலை. இரண்டாவதுதான் இன்ஜினைப் பிரிக்க வைக்கும்.

புகை என்ன சொல்கிறது?

வெள்ளைப் புகையோடு டீசல் வாடை வந்தால், உள்ளே போன டீசல் எரியாமலே வெளியே வருகிறது. வெள்ளைப் புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது நாசில் ஒழுகலாம். நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

செலவு குறைந்த இடத்திலிருந்து. மிஸ் ஒரே தாளத்தில் வராமல், சில நேரம் வந்து சில நேரம் சரியாகிறதா? டீசல் லைனில் 'ஏர் பிடிச்சிருக்கலாம்', அல்லது தண்ணீர் கலந்திருக்கலாம். ஃபில்டர் மாற்றிய கையோடு இந்தப் பிரச்சனை வந்திருந்தால் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் காற்று மறுபடி நுழையும்.

எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிஸ் ஒரே தாளத்தில் வந்துகொண்டே இருந்தால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர்தான் படுத்திருக்கிறது. மெக்கானிக் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்குவார். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையா? பழுது அந்த சிலிண்டரில்தான். அந்த நட்டில் டீசலே கசியவில்லை என்றால், பார்க்க வேண்டியது பம்பையும் அதிலிருந்து வரும் குழாயையும்.

இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள். அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். இந்த முறை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. காமன் ரெயில் வண்டியில் குழாய் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அங்கே நட்டில் கை வைப்பதே உயிருக்கு ஆபத்து. ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நாசிலா, கம்ப்ரஷனா?

பழுதான சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி, பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மிஸ் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால், பழுது இன்ஜெக்டரில். டெஸ்டரில் வைத்துப் பார்த்து நாசிலை மாற்றி, புதிய காப்பர் வாஷர் போட்டால் வேலை முடிந்தது.

மிஸ் அதே சிலிண்டரில் நின்றால், முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். அடுத்து கேஜ் வைத்து எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், வால்வு, ரிங், கேஸ்கெட் என்று பிரித்துப் பார்ப்பது நியாயம். கம்ப்ரஷன் சரியாக இருந்தால் பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு அனுப்பலாம். 1950-களில் பெங்களூரு ஆடுகோடியில் உற்பத்தியைத் தொடங்கிய மைக்கோ, அதாவது இன்றைய பாஷ், செய்த பம்புகள்தான் பழைய வண்டிகள் பலவற்றில் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யும் கடைகளும் எட்டும் தூரத்தில் கிடைக்கும். பம்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவைப்பது தீர்வு இல்லை, புகைதான் கூடும்.

'இந்த லோடு மட்டும் இறக்கிட்டு பார்க்கலாம்' என்று விடலாமா?

வேண்டாம். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தாலோ, டீசல் வாடை அடித்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். நாசிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, நிஜமாகவே இன்ஜினை இறக்கும் செலவாக மாறுவது இப்படித்தான். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும், புகை தள்ளும் வண்டிக்கு அங்கேயும் சிக்கல்.

போனில் என்ன கேட்கலாம்?

"எந்த சிலிண்டர்? இன்ஜெக்டரை மாற்றிப் போட்டுப் பார்த்தீங்களா? டாப்பெட் பார்த்தாச்சா? ஒவ்வொரு சிலிண்டர் கம்ப்ரஷனும் எவ்வளவுண்ணே?" இந்த நான்குக்கும் பதில் வந்த பிறகும் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால், தயங்காமல் சம்மதியுங்கள். பதில் வரவில்லை என்றால், வண்டியை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.