ஒரு வரியில் நாற்பது மெத்தட்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள பனமலைக் குன்றின்மேல் இராசசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சிற்றாலயச் சுவரில் பல்லவர் காலத்துப் பார்வதி ஓவியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இதுபோன்ற பழங்கோயில்களுக்கு நாம் ஒரு கணினிப் பதிவேடு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோயிலும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், அரசன், மாவட்டம் போன்ற விவரங்கள் அதனுள் ஒரு ஹாஷில் இருக்கும். ஹாஷில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. 'அரசன்' என்று கேட்டால் 'இராசசிம்மன்' என்று தரும்.

1994-இல் வந்த பெர்ல் 5 மொழியில் ஆப்ஜெக்ட்கள் பெரும்பாலும் ஹாஷ்களே. நிரலின் எந்த இடத்திலிருந்தும் ஹாஷுக்குள் நேரடியாகக் கைவைக்கலாம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 'மாவட்டம்' என்பதை யாராவது 'மாவடம்' என்று தட்டிவிட்டால் பெர்ல் தடுக்காது, புதிதாக ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொள்ளும். பழைய மதிப்பு மாறாமல் கிடக்க, பிழை வேறெங்கோ தலைகாட்டும்.

அதனால்தான் மதிப்பைப் படிக்கக் கெட்டர், மாற்றச் செட்டர் என்று மெத்தட்கள், அதாவது ஆப்ஜெக்ட்டின்மீது அழைக்கும் ஃபங்ஷன்கள், வைக்கிறார்கள். மெத்தட்டின் பெயரைத் தவறாக எழுதினால், அப்படியொரு மெத்தட் இல்லை என்று நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். ஆனால் இருபது விவரங்களுக்கு நாற்பது மெத்தட்கள் வேண்டும். பெயரைத் தவிர எல்லாம் ஒரே அச்சு.

இந்த வேலையை மொழியிடமே விட்டுவிடலாம். விவரங்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒரு லூப் அதில் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறு ஃபங்ஷன் உருவாகும், தான் எந்தத் தலைப்புக்கு உரியது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். இதைக் குளோஷர் என்பார்கள். அதை அந்தப் பெயரிலேயே ஆப்ஜெக்ட்டின் வார்ப்பான கிளாஸில் பதித்துவிட்டால் மெத்தட் தயார். பெர்லில் இதற்கென மாட்யூல்கள் உண்டு. ரூபி என்ற மொழியிலோ இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, ஒரு வரி போதும்.

பெர்லின் ஆட்டோலோட் இன்னொரு வழி. அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷனைக் கிளாஸில் எழுதி வைத்தால், இல்லாத மெத்தட்டை அழைக்கும்போது நிரல் நிற்காமல் அது அந்த அழைப்பைப் பிடித்துக்கொள்ளும், மெத்தட்டை அப்போதே உருவாக்கலாம். ஆனால் அனுமதித்த பெயர்தானா என்று அங்கே சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால் 'மாவடம்' மறுபடியும் உள்ளே நுழைந்துவிடும்.

தட்டச்சு மிச்சமாவதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தபோது பனமலை விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்தது. ஆண்டைப் பொறுத்துச் சரியான மாவட்டத்தைச் சொல்ல வேண்டுமானால், தானாக உருவான 'மாவட்டம்' மெத்தட்டை நீக்கிவிட்டு, ஆண்டையும் ஏற்கும் மெத்தட் ஒன்றைக் கையால் எழுதினால் போதும். ஆண்டு தராதவர்களுக்கு இன்றைய மாவட்டத்தையே அது தரட்டும். ஏற்கெனவே அதை அழைக்கும் வரிகளில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.

கட்டிய அரசனோ மாறப் போவதில்லை. அதற்குக் கெட்டர் மட்டும் போதும், செட்டர் கூடாது. ரூபியில் படிக்க மட்டும், எழுத மட்டும், இரண்டுக்கும் என மூன்று தனித்தனி அறிவிப்புகள் உண்டு. மெத்தட்டை மொழி எழுதித் தரும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது நிரலாளரின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் செட்டர் வைத்துவிட்டால், திறந்து கிடந்த பழைய ஹாஷின் பாதி ஆபத்து திரும்பி வந்துவிடும்.