வியட்நாமில் விட்டு வந்த ஹெரோயினும் சந்தியில் காத்திருக்கும் ஐஸும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, என்னிடம் படித்த பிள்ளையொருவனின் வாப்பா பள்ளிவாசல் ஹவுழடியில் என்னை நிறுத்தினார். "சேர், ஆறு மாசம் புனர்வாழ்வுல வெச்சிருந்தம். உடம்பு தேறி, தொழுகையோட வந்தான். மூணாவது கிழமையே திரும்ப ஐஸ். இவன் இனித் திருந்தவே மாட்டானா?" என்று கேட்டார். அன்று என்னால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலில் பாதி, ஐம்பது வருடங்களுக்கு முந்திய ஒரு யுத்தத்தில் இருக்கிறது.

1971 மே மாதம் வியட்நாம் சென்று திரும்பிய இரண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள், அங்குள்ள தமது சிப்பாய்களில் 10 முதல் 15 சதவீதமானோர் ஹெரோயினுக்கு அடிமையாகியுள்ளதாக அறிக்கையிட்டார்கள். வொஷிங்டன் அதிர்ந்து போனது. ஹெரோயினை ஒருமுறை பிடித்தவன் மீளவே மாட்டான் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆயுதப் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான அடிமைகள் ஊர் திரும்பினால் என்னவாகும்? ஜூன் மாதம் ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதலாவது எதிரி என அறிவித்தார். மனநல வைத்தியர் ஜெரோம் ஜாஃபேயிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நாடு திரும்பும் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பிறகே விமானம் ஏறலாம் என்ற விதி வந்தது. சிக்கியவரை மறித்து, உடலிலிருந்து போதை இறங்கிய பின்னரே அனுப்பினார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை நமக்கு உதவாது. திரும்பியவர்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று தேடும் பணி லீ ரொபின்ஸ் என்ற பெண் ஆய்வாளரிடம் கொடுக்கப்பட்டது. 1971 செப்டெம்பரில் நாடு திரும்பியவர்களில் சுமார் 900 பேரை அவரது குழு நேரில் சந்தித்துப் பேசியது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் பரிசோதித்தது. வியட்நாமில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஹெரோயினையோ அபினையோ தொட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்துக்குள் மீண்டும் அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம். மூன்று வருடங்களுக்குள் சிறிது காலமாவது மீண்டும் அடிமையானவர்கள் 12 சதவீதம். பெரும்பாலானோர் திரும்பிய பின் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. பலர் இதை நம்ப மறுத்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் இருக்கிறது. வியட்நாமில் அடிமையாகியிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஊர் வந்த பிறகும் ஒருமுறையாவது போதையைத் தொட்டிருக்கிறார்கள். தொட்ட எல்லோரும் விழவில்லை. ஒரு சறுக்கலைக் கண்டதும் "இவன் முடிந்தான்" என்று கைகழுவும் நமது பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு.

ஏன் மீண்டார்கள்? வியட்நாமில் ஹெரோயின் மலிவு, தூய்மையானது, கேட்ட இடத்தில் கிடைத்தது. சிகரெட்டில் கலந்து புகைத்தால் போதும். பயம், சலிப்பு, வீட்டைப் பிரிந்த தனிமை வேறு. ஊரில் அதே சரக்கு விலை கூடியது, தேடிப் பிடிக்க வேண்டியது, பிடிபட்டால் சிறை. பக்கத்தில் தாயும் மனைவியும் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது, போதை மூளையில் தனியாகப் பதிவதில்லை. எந்த மூலை, எந்தக் கூட்டாளி, எந்த நேரம், எந்த ஈயத்தாள் என்ற எல்லாவற்றோடும் சேர்ந்தே பதிகிறது. அவற்றில் ஒன்றைக் கண்டாலே வேட்கை கிளம்பும். சிப்பாய்கள் அந்த மூலைகளையெல்லாம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள்.

நமது பிள்ளைகளுக்கு நடப்பது நேர் எதிரானது. கந்தக்காட்டிலிருந்து வந்தாலும் தனியார் நிலையமொன்றிலிருந்து வந்தாலும், அவன் வந்து இறங்குவது அதே சந்தியில்தான். அதே ஓட்டோ, அதே நண்பர்கள், ஃபோனில் அதே விற்பனைக்காரனின் இலக்கம். ஹெரோயினுக்காவது மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் உலகில் பாவனையில் உள்ளன. ஐஸுக்கு அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆகவே சூழல்தான் பாதி மருந்து. இன்னொரு ஆபத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தவன் பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்று மௌத்தாகலாம்.

நூறு கொலை செய்தவரின் ஹதீஸை நாம் தௌபாவின் சிறப்புக்காகப் பயானில் கேட்டிருக்கிறோம். புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் வருவது. அதில் அந்த அறிஞர், தௌபாவுக்கு வழி உண்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பாதே, அல்லாஹ்வை வணங்கும் நல்லவர்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்று இடத்தையும் மாற்றச் சொன்னார். அந்தப் பாதியை நாம் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆனால் இடம் மாறினால் எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. யுத்தத்தைத் தலைக்குள்ளேயே கொண்டு வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். தூக்கத்தில் அலறி எழுந்தார்கள், உறங்குவதற்காகவே குடித்தார்கள். ஹெரோயினை விட்டவர்கள் சாராயத்தில் சிக்கிய கதைகள் ஏராளம். இந்த மனவடு ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல்தான். அதற்கு முந்திய வருடம் பழைய படைவீரர்களுக்கென ஆலோசனை நிலையங்களைத் தொடங்கினார்கள். அவற்றை வைத்தியசாலைக்குள் அல்லாமல் மக்கள் நடமாடும் தெருக்களில் வைத்தார்கள். ஆலோசகர்களில் பலர் அதே யுத்தத்தில் நின்றவர்கள். "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். 1990இலும் 2004இலும் நமது சமூகம் பார்த்தவற்றைப் பற்றி எத்தனை வீடுகளில் யாராவது கேட்டிருக்கிறார்கள்?

மீண்டு வந்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேரை வைத்து, இஷாவுக்குப் பிறகு மத்ரஸா அறையொன்றைத் திறந்துவிடுவது ஒரு நிர்வாகசபைக்குப் பெரிய செலவல்ல. எங்கள் ஊரில் நான் கேட்டபோது "பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும்" என்றார்கள். மதுவுக்காகத் தண்டிக்கப்பட்ட ஸஹாபி ஒருவரை மற்றவர் சபித்தபோது, சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நினைவூட்டினேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வாப்பா பின்னர் மகனைப் புத்தளத்தில் இருக்கும் மச்சானின் கடைக்கு அனுப்பினார். புது ஃபோன், புது இலக்கம். நான்கு மாதமாகிறது. போன கிழமை மீண்டும் வந்து, "பெருநாளைக்கு ஊருக்கு வர ஆசப்படுறான் சேர், வரச் சொல்லவா?" என்று கேட்டார். இரண்டு நாளைக்கு வரட்டும், தொழுகைக்குப் போகவும் வரவும் நீங்களே கூட இருங்கள் என்றேன்.