கப்பலில் மறந்ததும் கடையில் மறந்ததும்

உல்லாசக் கப்பல் என்றால் நமக்கு எட்டாத சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இப்படிப்பட்ட கப்பல்களில் பயணிகள் எதையெல்லாம் மறந்துவிட்டுப் போகிறார்கள், அதைக் கப்பல்காரர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில் கடை நடத்தும் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நம் கடைகளிலும் வாடிக்கையாளர்கள் எதையாவது வைத்துவிட்டுத்தானே போகிறார்கள்?

மறக்கும் இடங்கள்

பெரிய கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. கரை சேருவதற்கு முந்தைய இரவே பெட்டிகளைக் கட்டி, அடையாளச் சீட்டு மாட்டி, அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் இரவோடு இரவாக அவற்றை எடுத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை பயணி கைப்பையோடு இறங்குவார். பெட்டி கட்டியபோது கண்ணில் படாதது அறையிலேயே தங்கிவிடும். சிலர் காலையில் உடுத்த வேண்டிய உடையையும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டுத் திண்டாடுவதும் உண்டு.

தங்கிப்போகும் பொருள்களைப் பாருங்கள். சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜர். குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கியில் தொங்கும் துணி. போர்வை மடிப்புக்குள் இரவு உடை. குட்டிக் குளிர்பெட்டியில் மருந்து. கட்டிலுக்கு அடியில் செருப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அறையில் இருக்கும் சிறு இரும்புப் பெட்டகம். பாஸ்போர்ட், நகை, ரொக்கம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று முதல் நாளே பூட்டி வைத்திருப்பார்கள். பத்திரமாக வைத்த காரணத்தாலேயே அது நினைவுக்கு வருவதில்லை.

கப்பல்காரர்களுக்கு அவகாசம் குறைவு. 2024இல் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். காலையில் ஒரு கூட்டம் இறங்கும். அன்று மாலையே அடுத்த கூட்டத்தோடு கப்பல் கிளம்பும். இடையில் உள்ள சில மணி நேரத்தில் அத்தனை அறைகளையும் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த அவசரத்திலும் அறையில் கிடைத்த பொருளை அறை எண்ணும் தேதியும் குறித்து அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை. உரியவர் எழுதிக் கேட்டால் அடையாளம் சரிபார்த்து அனுப்பிவைப்பார்கள். அனுப்பும் செலவு பெரும்பாலும் பயணியுடையது. எண்ணும் தேதியும் இல்லாத பொருள் யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கேட்பாரற்ற சரக்கே கடையானது

உரியவர் வராத பொருளையே முதலாக்கி வியாபாரம் செய்தவரும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூர். 1970இல் டாயில் ஓவன்ஸ் என்பவர் 300 டாலர் கடன் வாங்கி, இரவல் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், பேருந்து நிறுவனம் ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளை விலைக்கு வாங்கி வந்து விற்றார். பிற்பாடு விமான நிறுவனங்களின் சரக்கும் வந்தது. நிறுவனங்கள் சுமார் மூன்று மாதம் உரியவரைத் தேடிப் பார்த்து, கிடைக்காதபோது நஷ்டஈட்டைக் கொடுத்து முடித்த பிறகே பெட்டிகளை இவர்களுக்கு விற்கின்றன. இன்று அந்தக் கடையைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். முதலில் தேடல், பிறகு ஈடு, கடைசியில்தான் விற்பனை என்ற வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

நம் கடைக்கு என்ன சட்டம்?

மளிகைக் கடைக்கு வருவோம். குடை, மூக்குக் கண்ணாடி, வண்டிச் சாவி, ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு, அடகு ரசீது, செல்போன், சில நேரம் பணப்பை. "நம் கடையில் கிடந்தது, நமக்குத்தான்" என்று கடைப் பையன் நினைத்தால் அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே பொறுப்பை ஏற்கிறார். சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளுக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்ட வேண்டும். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான்.

நேர்மையற்ற எண்ணத்தோடு சொந்தமாக்கிக்கொண்டால் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவாக உள்ளது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேடாமல் உடனே விற்றால் குற்றவாளி என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது.

அழுகும் பொருளுக்கு விதிவிலக்கு இருக்கிறது. மறந்துவிட்டுப் போன பையில் தக்காளி இருந்து, நியாயமாகத் தேடியும் உரியவர் கிடைக்காவிட்டால், கெட்டுப்போகும் முன் விற்றுவிட 169ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்ற தொகையைக் குறித்து வைப்பது நம் கடமை.

கடைக்காரர்களுக்குச் சுவையான பழைய வழக்கு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு கடைக்கு வந்த நிறுவனப் பிரதிநிதி, தரையில் கிடந்த வங்கி நோட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து, உரியவர் வந்தால் கொடுக்கும்படி கடைக்காரரிடம் தந்தார். விளம்பரம் செய்தும் ஆண்டுக்கணக்கில் யாரும் வரவில்லை. பணம் யாருக்கு என்று வழக்கு நடந்தது. கடைக்காரருக்கல்ல, கண்டெடுத்தவருக்கே என்று 1851இல் தீர்ப்பாயிற்று. கடை நம்முடையது என்பதால் அதில் கிடக்கும் எல்லாம் நம்முடையதாகிவிடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பொருள், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை உடனே எழுதுங்கள்.

2. பணப்பை, நகை என்றால் இருவர் முன்னிலையில் எண்ணிப் பார்த்து, உறையில் இட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். "இன்னும் ஐந்நூறு இருந்ததே" என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

3. கடை வாசலில் "ஒரு பொருள் கிடைத்துள்ளது, அடையாளம் சொல்லிப் பெறலாம்" என்று மட்டும் எழுதுங்கள். நிறம், தொகை முதலிய விவரங்களை எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

4. செல்போனைத் திறந்து பார்க்க வேண்டாம். அழைப்பு வரும்வரை அணையாமல் வைத்திருந்தால் போதும்.

5. நகை, பெருந்தொகை, அடையாள ஆவணம் ஆகியவற்றுக்கு உரியவர் வராவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள்.

6. திருப்பித் தரும்போது நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். எடுத்துக் கொடுத்த சிப்பந்தியை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே பாராட்டுங்கள்.

கப்பலில் மறந்துவிட்டுப் போனவர் மறுபடி அந்தக் கப்பலில் ஏறுவாரோ, மாட்டாரோ. நம் வாடிக்கையாளர் நாளைக் காலையிலேயே அரைக் கிலோ துவரம்பருப்புக்கு நம்மிடம்தான் வருவார். அவருடைய குடையும் சாவியும் நம்மிடம் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் தெருவில் பரவினால், அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை நமக்குத் தேவையில்லை.