கோல்ஃப் மன்றங்களுக்கான கழிவுநீர் அகற்று முறையைத் தேர்வு செய்தல்

கோல்ஃப் மன்றங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பொதுச் சாக்கடைக் குழாய்கள் எட்டாத இடங்களில் அமைகின்றன. அதனால் மன்றக் கட்டடத்தின் கழிப்பறை, குளியலறை, சமையலறை, மதுக்கூடம் ஆகியவற்றிலிருந்து வரும் கழிவுநீரை மன்றமே அகற்ற வேண்டியுள்ளது. எந்த முறை பொருந்தும் என்பதைத் தொட்டியின் விலையைவிட, வெளியேறும் நீர் இறுதியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே முடிவு செய்கிறது. தவறான தேர்வு அருகிலுள்ள ஓடையையோ குடிநீர்க் கிணற்றையோ மாசுபடுத்தலாம். அதற்கான சட்டப் பொறுப்பும் மன்றத்தையே சேரும். இக்கட்டுரை இங்கிலாந்தின் விதிகளை அடிப்படையாகக் கொண்டது.

கழிவுநீரின் அளவும் தன்மையும்

வீட்டுக் கழிவுநீர் ஏறக்குறைய நாள்தோறும் ஒரே அளவில் வரும். கோல்ஃப் மன்றத்தில் அப்படியில்லை. வார இறுதிகளிலும் போட்டி நாள்களிலும் திருமண விருந்துகளின்போதும் வரத்து பல மடங்கு உயர்கிறது. குளிர்கால வார நாள்களில் மிகவும் குறைகிறது. ஆண்டுச் சராசரியைக் கொண்டு அமைப்பின் அளவை முடிவு செய்தால், நெரிசல் நாளில் சுத்திகரிக்கப்படாத கழிவு வெளியேறிவிடும். வரத்தைத் தேக்கிச் சிறிது சிறிதாக அனுப்பும் சமநிலைத் தொட்டி இச்சிக்கலைக் குறைக்கும். சமையலறைக் குழாயில் கொழுப்புப் பிரிப்பான் பொருத்துவதும் அவசியம். பீர்க் குழாய்களைக் கழுவும் காரக் கரைசலும் கிருமிநாசினிகளும் அதிக அளவில் கலந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும்.

முக்கிய வாய்ப்புகள்

பொதுச் சாக்கடை: இணைப்பு பெற முடியுமானால் இதுவே முதல் தேர்வு. குழாய் பதிக்கும் செலவு அதிகமாகத் தோன்றினாலும், சுத்திகரிப்புப் பொறுப்பு சாக்கடை நிறுவனத்திடம் போய்விடுகிறது. தாழ்வான இடத்திலுள்ள மன்றங்கள் எக்கி வைத்துக் கழிவுநீரை மேலேற்றலாம்.

செப்டிக் தொட்டியும் உறிஞ்சு நிலமும்: தொட்டியில் திடக்கழிவு கீழே படிய, மேலுள்ள நீர் துளைக் குழாய்கள் வழியாக மண்ணுக்குள் பரவுகிறது. சுத்திகரிப்பின் பெரும்பகுதியை மண்ணே செய்கிறது. ஆகவே செப்டிக் தொட்டியின் நீரை நேரடியாக ஓடையில் விடக்கூடாது. இங்கிலாந்தில் 2020 சனவரி 1 முதல் பழைய தொட்டிகளுக்கும் இது பொருந்துகிறது.

சிறு சுத்திகரிப்பு நிலையம்: காற்றைச் செலுத்தியோ சுழலும் தட்டுகளைக் கொண்டோ பாக்டீரியாக்களை வளர்த்துக் கழிவைச் சிதைக்கும் அமைப்பு இது. வெளியேறும் நீர் தூய்மையாக இருப்பதால் உரிய நிபந்தனைகளுடன் ஓடையில் விடலாம். ஆனால் மின்சாரமும் முறையான பராமரிப்பும் தேவை. நீண்ட நாள் வரத்து குறைந்தால் பாக்டீரியாக்கள் நலிவடையும்.

மூடிய சேகரிப்புத் தொட்டி: இதற்கு வெளியேறும் வழியே கிடையாது, நிரம்பியதும் லாரியில் உறிஞ்சி எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 2,000 லிட்டர் கழிவுநீர் வரும் மன்றத்தில் 18,000 லிட்டர் தொட்டி 9 நாள்களில் நிரம்பிவிடும். எனவே வேறு வழியில்லாதபோது மட்டுமே இது ஏற்றது.

மண் சோதனை

உறிஞ்சு நிலம் அமைக்கும் முன் மண்ணின் உறிஞ்சு திறனைச் சோதிக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் பக்க அளவுள்ள குழியில் நீர் நிரப்பி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மீண்டும் நிரப்புவர். நீர்மட்டம் முக்கால் பங்கிலிருந்து கால் பங்குக்கு, அதாவது 150 மில்லிமீட்டர், இறங்க எடுக்கும் வினாடிகளை 150ஆல் வகுத்தால் உறிஞ்சு மதிப்பு கிடைக்கும். இது 15 முதல் 100 வரை இருக்க வேண்டும். 15க்குக் கீழ் என்றால் நீர் சுத்தமாவதற்குள் நிலத்தடிக்குச் சென்றுவிடும். 100க்கு மேல் என்றால் மண் நீரை ஏற்காது, கழிவு மேலே தேங்கும்.

தேவையான பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட, பயனர் எண்ணிக்கையை உறிஞ்சு மதிப்பாலும் 0.25ஆலும் பெருக்க வேண்டும். 12 பேருக்கு இணையான வரத்தும் 30 என்ற மதிப்பும் இருந்தால் 90 சதுர மீட்டர் தேவை. சுத்திகரிப்பு நிலையத்தின் நீருக்கு 0.20ஆல் பெருக்கினால் போதும். 72 சதுர மீட்டர் வரும். உறிஞ்சு நிலம் நீரோடைகளிலிருந்து 10 மீட்டரும், கட்டடங்களிலிருந்து 15 மீட்டரும், குடிநீர் எடுக்கும் இடங்களிலிருந்து 50 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும்.

அனுமதி வரம்புகள்

நாளொன்றுக்கு நிலத்துக்குள் 2,000 லிட்டர் வரையும், ஓடும் நீர்நிலையில் 5,000 லிட்டர் வரையும் வெளியேற்ற, பொது விதிகளை நிறைவேற்றினால் தனி அனுமதி வேண்டியதில்லை. அதற்கு மேல் என்றாலும், குடிநீர் ஆதாரத்தைச் சூழ்ந்த முதல் பாதுகாப்பு வட்டத்துக்குள் நிலத்தில் விடுவதென்றாலும் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி பெற வேண்டும். புதிய வெளியேற்றங்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஓடையில் ஆண்டு முழுவதும் நீர் ஓட வேண்டும். மைதானத்தில் ஆட்டத் தடையாக வெட்டப்பட்ட மூடிய குளத்தில் கழிவுநீரை விடுவதை இவ்விதிகள் ஏற்பதில்லை.

இயந்திரம் கழுவும் நீர்

புல்வெட்டி இயந்திரங்களைக் கழுவும் நீரில் புல் துணுக்குகள், எண்ணெய், உரம் ஆகியவை கலந்திருக்கும். பூச்சிக்கொல்லி தெளிப்பான்களைக் கழுவும் நீர் அதைவிட ஆபத்தானது. இவற்றை மன்றக் கட்டடத்தின் கழிவுநீர் அமைப்பிலும் மழைநீர் வடிகாலிலும் கலக்கக்கூடாது. புல்லை முதலில் காற்றடித்து நீக்கி, கழுவும் நீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் மூடிய சுழற்சி அமைப்புகள் பல மன்றங்களில் உள்ளன. தெளிப்பான் கழுவிய நீருக்கு வைக்கோல், மண், மக்கு உரம் கலந்த உயிர்ப்படுகை பயன்படுகிறது. இம்முறை 1993இல் சுவீடனில் தோன்றியது.

தேர்வு வரிசை

சாக்கடை இணைப்பு கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நெரிசல் நாள் வரத்தைக் கணக்கிட்டு மண்ணைச் சோதிக்க வேண்டும். மண் ஏற்றால் உறிஞ்சு நிலம். களிமண் ஏற்காவிட்டால், வற்றாத ஓடை இருக்குமிடத்தில் சிறு சுத்திகரிப்பு நிலையம். இரண்டுக்கும் வழியில்லையெனில் மூடிய தொட்டி. எதைத் தேர்ந்தாலும், நிறுவும் செலவோடு மின்சாரம், கசடு அகற்றல், பராமரிப்பு ஆகியவற்றின் பல்லாண்டுச் செலவையும் சேர்த்து ஒப்பிடுவதே சரியான கணக்கு.