உங்களுக்குத் தெரியுமா? மீனின் மூச்சு மரநிழலில்!

நீர் சூடேற ஏற மீனுக்கு மூச்சு முட்டும். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரைதான். ஒரத்தநாட்டுப் பக்கம் 1934 முதல் பாயும் கல்லணைக் கால்வாயில் (நம் புது ஆறுதான்) நீர்மருது, புங்க மரங்களின் நிழலுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். விரால் வெந்நீரிலும் பிழைக்கிறதே என்பார்கள். அது மேலே வந்து காற்றைக் குடிக்கும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. வேர் கரையைப் பிளக்கும் என்ற கவலையும் நியாயமே, அதனால்தான் கண்டபடி நடாமல் கரையை வரைபடமாக்க வேண்டியிருக்கிறது. தெற்கு நோக்கி ஓடும் வாய்க்காலில் மேற்குக் கரை மரமே பிற்பகல் வெயிலை மறிக்கும். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடியபின் நீர் தேங்கும் மடுக்களுக்கு அந்த நிழல் முதலில் வேண்டும்.